ரிஜெக்ட் ஆன முப்பத்தொரு சுகங்கள்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட ஒரு பங்கு கூடுதல் நலம், அது எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், போனில் கேட்டால் நல்லா இருக்கோம்ப்பா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால் பதில் எழுதும்போதாவது கொஞ்சம் விவரமாக எழுது. இது போனில் பேசுகிற விஷயம் இல்லை, பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்லுவாள். இப்போது அவள் ஸ்வெட்டருக்குப் பட்டன் வைக்கக் கீழ் வீட்டு டெய்லரிடம் போயிருக்கிறாள், பட்டன் வைக்க ஐந்து நிமிஷம், பேச்சு முக்கால் மணி நேரம், அதற்குள் உண்மை முழுவதையும் எழுதி முடித்தாக வேண்டும்.

போன குளிர்காலத்தில் நாலே நாள் வந்திருந்துவிட்டுக் கிளம்பினாயே, அன்றைக்கு மாடிப்படியில் பெட்டியும் கையுமாக நின்று நீ போட்ட பந்தயத்தை மறந்திருக்க மாட்டாய். மூணாவது மாடி, லிப்ட் கிடையாது, உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலு முட்டி, அதுல மூணு வேலை செய்யல, இந்த வீட்டுல அப்படி என்னதான் சுகத்தைக் கண்டீங்க, வித்துட்டு எங்களோட வந்துடுங்க என்றாய். நானும் வீறாப்பாக, ஆயிரம் சுகம் இருக்கு என்று சொல்லித் தொலைத்தேன். ஆயிரமெல்லாம் வேண்டாம்ப்பா, வாரத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு அம்பத்திரண்டு, சின்னச் சின்னதா எழுதி வைங்க, ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டியைக் கட்டணும் என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறிவிட்டாய். அந்தக் கெடு அடுத்த மாதம் முடிகிறது. எனக்கு இந்த வீட்டை விட்டு வர மனமே இல்லை சுண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டைப் போட்டோவில் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமே இல்லாத இடத்தில் நான் நாளெல்லாம் என்ன செய்வேன்?

உன் அப்பன் முப்பத்திரண்டு வருஷம் சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன் என்பதை நீ மறந்துவிட்டுப் பந்தயம் போட்டாய். ஓய்வு பெறும்போது மற்றவர்களெல்லாம் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள், நான் கேட்டு வாங்கிக்கொண்டது பாஸ், ரிஜெக்ட் என்று இரண்டு ரப்பர் ஸ்டாம்ப். அவற்றைத் தூசி தட்டி எடுத்தேன். ஒரு தடவை நன்றாக இருந்தது என்பதற்காக எதையும் சுகம் என்று எழுதிவிட முடியுமா? எங்கள் விதி என்ன? ஒரு சரக்குக்குப் பத்து மாதிரி எடு, குறைந்தது ஒன்பது தேறினால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். சுகத்துக்கும் அதே விதிதான் என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உன் அம்மா அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெயில் காலத்தில் ஒரு நாள் புது ஜாம் பாட்டிலைத் திறந்தேன், மூடி டப் என்று ஒரு சத்தம் போட்டது பார், ஆகா, இது சுகம் என்று தோன்றியது. விதி விதிதானே, கடைக்குப் போய் இன்னும் ஒன்பது பாட்டில் வாங்கி வந்து மேஜையில் வரிசையாக வைத்துத் திறந்தேன். முதலாவதையும் சேர்த்து ஒன்பது டப் என்றன, ஒன்று மட்டும் மூச்சுக் காட்டவில்லை. பாஸ். ஆனால் திறந்த பத்து பாட்டில் ஜாமை யார் தின்பது? டெய்லர் மூன்றை வாங்கிக்கொண்டார், மிச்சத்தை நாங்கள் மாதக்கணக்காகத் தின்றுகொண்டே இருக்கிறோம், இன்றைக்கும் ஸ்பூனைப் பார்த்தால் எனக்கு நாக்கு இனிக்கிறது. பத்து தடவை செஞ்சா அதுக்குப் பேர் சுகம் இல்ல, உத்தியோகம் என்றாள் உன் அம்மா. இருபத்தெட்டு வருஷம் பூகோளம் நடத்திய டீச்சர் அல்லவா, எதையும் ஒரு வரியில் சொல்லிக் கரும்பலகையைத் துடைத்துவிடுவாள்.

மழைக் காலத்தில் தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டப் போய்த் தவறிக் காலை உள்ளே வைத்துவிட்டேன், சளக் என்றது, சின்ன வயசுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. உடனே மற்ற ஒன்பது மாதிரியும் எடுத்தேன். ஆறாவது சளக்கில் டெய்லர் கடையை விட்டு ஓடி வந்து, சார், சாவியைத் தொலைச்சிட்டீங்களா என்றார். இல்லை, சுகமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நேரே உன் அம்மாவிடம் போய், சாரைத் தனியா வெளிய அனுப்பாதீங்க என்று சொல்லியிருக்கிறார். சுகம் பாஸ் ஆனது, எனக்கு எட்டு நாள் ஜலதோஷம். காற்றுக் காலத்தில் ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிறவர்களின் குடை படார் என்று தலைகீழாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பத்துக்குப் பத்து, ஒரு குடைகூட ஏமாற்றவில்லை. அடுத்தவங்க குடை திரும்பறது உங்களுக்குச் சுகமா, வெக்கமா இல்ல என்று உன் அம்மா ஒரே பிடியாகப் பிடித்தாள். நான் கேட்கவில்லை, பாஸ் குத்திவிட்டேன். பதினோராவது குடை என்னுடையது. அதை நோட்டில் எழுதவில்லை.

ரிஜெக்ட் ஆனவையும் உண்டு. காய்ந்த இலையை மிதித்தால் வரும் மொறுமொறுப்பு முதலில் பத்துக்கு ஏழுதான், மூன்று இலை நமுத்துப் போயிருந்தது, ரிஜெக்ட். ஆச்சரியம் என்னவென்றால் மறுவாரத்திலிருந்து நம் கீழ் வாசலில் தினமும் காலையில் நன்றாகக் காய்ந்த இலையாகப் பார்த்து யாரோ கொட்டி வைத்ததுபோலக் கிடந்தது, மறுபரிசோதனையில் பத்துக்குப் பத்து. அதேபோல மத்தியானத் தூக்கத்தில் தலையணையைத் திருப்பிப் போட்டால் கன்னத்தில் ஒரு ஜில் வருமே, அது எத்தனை தடவை திருப்பினாலும் வந்தது. மழையில் பால்கனி ஒழுகுகிறதே, அந்தச் சொட்டு தகரத்தில் ஒரு சுரம், வாளியில் ஒரு சுரம், கிண்ணத்தில் ஒரு சுரம் என்று கச்சேரியே நடத்தியது, ரிப்பேருக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முதல் நம்பர் எதுவென்று கேட்கிறாயா, நீ கிளம்பிப் போன மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன், வெயில் சரியாக என் முட்டியில் வந்து விழுந்தது, வெந்நீர் ஒத்தடம் தோற்றது போ. மறுநாளும், அதற்கு மறுநாளும், குளிர்காலம் முடியும்வரை இம்மி பிசகாமல் முட்டியிலேயே விழுந்தது. போன மாதத்தோடு அம்பத்திரண்டும் நிரம்பிவிட்டது. உனக்குத் தந்தி மாதிரி ஒரு போன் போட்டு ஜெயித்தேன் என்று மார்தட்ட இருந்தேன்.

இனிமேல்தான் விஷயமே. போன செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பாஸ் ஸ்டாம்ப் கை நழுவி நாற்காலிக்கு அடியில் உருண்டு போனது. எப்படியோ குனிந்து தவழ்ந்து உள்ளே பார்த்தால், நாற்காலியின் நாலு காலுக்குப் பக்கத்திலும் தரையில் சாக்பீஸ் கோடு. ஒன்று இரண்டு இல்லை, விரற்கடை தள்ளித் தள்ளி வரிசையாகக் கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் குட்டியாகத் தேதி, கையெழுத்து உன் அம்மாவுடையது. நான் தரையில் உட்கார்ந்தபடியே வாயைப் பிளந்தேன். வெயில் ஒரே இடத்தில் விழுமா சுண்டு? வாரத்துக்கு வாரம் நகராதா? முப்பத்திரண்டு வருஷம் தரம் பார்த்த எனக்கு ஒரு வருஷமாக இந்தச் சின்ன சந்தேகம்கூட வரவில்லை. சூரியன் நகர நகர அதன் பின்னாலேயே இவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறாள்.

சாப்பாட்டு மேஜையில் நோட்டை வைத்து, எதிரே உட்கார வைத்து, முறைப்படி விசாரணை நடத்தினேன். கையும் களவுமாக மாட்டியவள் முகத்தில் ஒரு திருட்டு முழிகூட இல்லை. ஆமா, நான்தான் நகர்த்தினேன், அதுக்கென்ன இப்ப என்றாள். நாற்காலி மட்டும்தானா என்று கேட்டேன். பேனாவை எடுத்துக்கங்க, வரிசையா சொல்றேன் என்றாள். காய்ந்த இலை அவள் தெருக் கூட்டும் அம்மாவிடம் சொல்லிக் கொட்ட வைத்தது. தலையணை, நான் முகம் கழுவப் போகும்போதெல்லாம் நிழலில் வைத்திருந்த வேறொன்றை மாற்றி வைத்தது. சொட்டுக் கச்சேரிக்குத் தகரத்தையும் கிண்ணத்தையும் முன்னே பின்னே நகர்த்தி இரண்டு நாள் ஒத்திகை பார்த்தாளாம். நான் சந்தேகமே படாதவற்றையும் அவளே சொல்லிக்கொண்டு போனாள், என் கை வலித்தது. கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்று. ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். எனக்கு மட்டும் இந்த வீட்டை விட்டுப் போக மனசு இருக்கா, உங்களை நம்பி விட்டிருந்தா ரெண்டு தேறியிருக்காது, அதான் என்றாள்.

நான் இவ்வளவு நாளும் அவள் உன்னிடம் வரத் துடிக்கிறாள், நான்தான் கட்டிப் போட்டு வைத்திருக்கிறேன் என்று உள்ளூரக் குற்றவாளியாக இருந்தேன். கோபம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் தாங்கியது. நீ சொன்ன வேலை செய்யாத மூன்று முட்டியில் இரண்டு அவளுடையவை. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து நாற்காலியைத் தள்ளியிருக்கிறாள், என் ஒரு முட்டிக்கு வெயில் வேண்டும் என்பதற்காக. அன்றைக்கு ஜாம்கூடச் சாப்பிடவில்லை.

ஆனால் விதி இருக்கிறதே. கை வைத்த மாதிரியை நான் ஒருநாளும் பாஸ் பண்ணியதில்லை, மேனேஜரே சோப்பை மாற்றி வைத்துக் கெஞ்சியபோதும் ரிஜெக்ட் குத்தினேன், அதற்காக இரண்டு வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில் உட்கார வைத்தார்கள், அது உனக்குத் தெரிந்த கதைதான். அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முப்பத்தொன்றிலும் ரிஜெக்ட் குத்தினேன். உன் அம்மா பக்கத்தில் நின்று, நாற்காலிலயுமா என்று கேட்டாள். நாற்காலியிலும்தான் என்றேன், குத்தும்போது ஸ்டாம்ப் சரியாகப் பதியவில்லை. மிச்சம் இருபத்தொன்று. பந்தயப்படி தோற்றுவிட்டோம், நான் பேச்சு மாற மாட்டேன். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டேன்.

ஆனால் ஒரு விதி பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. ரிஜெக்ட் ஆன சரக்குக்கு மேல்முறையீடு உண்டு. சம்பந்தமில்லாத வெளி ஆள் ஒருவர், சரக்கு தயாராகும் இடத்துக்கே நேரில் வந்து, பத்து மாதிரி பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். சரக்கை அங்கே அனுப்ப வழியில்லை, வெயிலைப் பார்சல் கட்ட யாரும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே நீ வர வேண்டும். போன தடவை மாதிரி நாலு நாள் செல்லாது, பத்து நாள் காலையில் அந்த ஜன்னலோரம் உட்கார வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் பரிசோதனை ரத்து. இலைக்கும் தலையணைக்கும் மழைச் சொட்டுக்கும் அந்தந்தக் காலத்தில் தனித்தனியாக வந்தாக வேண்டும், அதற்கு நான் என்ன செய்ய, விதி அப்படி. விதியை விடு, உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, அவ்வளவுதான். பார்த்துவிட்டு நீ எதைக் குத்தினாலும் சரி, ஸ்டாம்ப் இரண்டையும் உன் கையில் கொடுத்துவிடுகிறேன். இந்த மேல்முறையீட்டைப் பற்றி உன் அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை, நீ வராமல் போனால் அவள் தாங்க மாட்டாள், அதனால் போனில் உளறிவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் முதல் மாதிரியிலேயே தேற வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு ஜாம் பிடிக்குமா என்று கேட்டு எழுது, இன்னும் ஒரு பாட்டில் இருக்கிறது, டப் என்று சொல்லாத அந்த ஒன்று.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி ஜன்னல் பக்கம் போனேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில், உன் பழைய அறையில் கிடந்த சின்ன நாற்காலி வந்து உட்கார்ந்திருக்கிறது. எப்போது தூக்கி வந்தாள் என்று தெரியவில்லை. கஷ்டப்பட்டுக் குனிந்து பார்த்தேன். அதன் காலடியிலும் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறாள், எல்லாம் அடுத்த மாதத்துத் தேதி. எண்ணிப் பார்த்தேன் சுண்டு, சரியாகப் பத்து.