செவலைக்கு முடி வந்துவிட்டது

இன்று காலை வண்டிக்கு ஆயில் மாற்றத் திண்டிவனம் ரோட்டுக்குப் போயிருந்தேன். மெக்கானிக் பழைய ஆயிலை டப்பாவில் வடித்துக்கொண்டிருந்தபோது அனந்தபுரத்துக்காரர் ஒருவர் வந்து நின்றார். "அத்த கீழ ஊத்திடாத. ஊட்ல நாய்க்கு சொறி புடிச்சிருக்குது, பூசணும்" என்றார்.

"வேணாங்க, நக்கிடும். உள்ள போயிடும்" என்று நான் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லிங்க, ஜெராக்ஸ் கடை."

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கரி ஆயில் வாடை என் சட்டையில் ஒட்டிக்கொண்டு கடை வரைக்கும் கூடவே வந்தது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன் ஒர்க்‌ஷாப்புக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். ரிப்பேருக்கு நிற்கும் வண்டிகளுக்கு அடியில்தான் செவலை படுத்திருக்கும். யார் கேட்டாலும் "என் நாய் இல்லிங்க" என்பாய். உன் சாப்பாட்டில் பாதி அதற்குத்தான் போகும். சொறி முதலில் காது ஓரத்தில் வந்தது, அப்புறம் முழங்கால், அப்புறம் முதுகு. செவலை என்ற பெயருக்குக் காரணமான முடியெல்லாம் கொட்டி, சாம்பல் நிறத்தில் வெறும் தோல்தான் மிச்சம். ராத்திரி பகல் இல்லாமல் சொறிந்துகொண்டே இருந்தது.

பக்கத்து டீக்கடைக்காரர் கெட்டவர் இல்லை, அதற்கு பன் போட்டவர்தான். ஆனாலும் உன்னிடம் வந்து சொல்லிவிட்டார். "ஆளுங்க கிளாஸ வச்சிட்டு எழுந்து போறாங்க. ஞாயித்துக்கெழமைக்கு மேல இது இங்க இருந்தா, வண்டில ஏத்தி அவலூர்பேட்ட தாண்டி வுட்டுடுவேன்." அந்த உடம்போடு தெரியாத ஊரில் விட்டால் அது பிழைக்காது. அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் டாக்டருக்கு போன் போட்டாய். ஃபீஸைக் கேட்டுவிட்டு போனைப் பையில் போட்டாய். "அந்தக் காசுக்கு ஒரு என்ஜினயே பிரிச்சி மாட்டிடலாம்" என்றாய். பிறகு நம் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதையே செய்தாய். பனியன் துணியை வேஸ்ட் ஆயிலில் முக்கித் தலையிலிருந்து வால் வரை பூசினாய். "மேல பூசறதுதான. பூச்சி மூச்சு முட்டிச் செத்துடும்" என்றாய். செவலை புது டயர் மாதிரி மினுங்கியது. எரிச்சல் தாங்காமல் உடம்பெல்லாம் நக்கியது. மறுநாள் வாந்தி எடுத்து, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது. கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஆட்டோ தேடி ஓடினாய்.

எந்த ஆட்டோவும் ஏற்றிக்கொள்ளவில்லை. யூரியா சாக்கில் கட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் வைத்து கவர்மென்ட் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். நான் பின்னால் வந்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது. வரிசையில் எல்லாம் பசுவும் ஆடும். வல்லத்திலிருந்து ஆட்டோடு வந்த அம்மா முகத்தைச் சுளித்தார். "ஆடு மாடு வர்ற எடத்துல இத இன்னாத்துக்கு கொண்டாந்த?"

"இதுக்கும் உசுரு இருக்குது இல்ல" என்றாய்.

டாக்டரம்மா சாக்கைப் பிரிக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார். "என்ன இது, ஒர்க்‌ஷாப் வாசனை?"

"ஆயில் மேடம். நான்தான் பூசினேன்."

"நாய் நக்காதா? எல்லாம் வயித்துக்குள்ள போயிருக்கு. தோல் வழியாவும் இறங்கும்." திட்டிக்கொண்டே டிரிப் ஏற்றினார். பாத்திரம் கழுவும் சோப்பால் ஆயிலைக் கழுவச் சொன்னார். தேறிய பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஊசி, இலவசம்தான். "நடுவுல ஒரு வாரம் விட்டாலும் திரும்ப வந்துடும்" என்றார்.

ஊசி போட ஆரம்பித்ததும், புண்ணைக் கடிக்காமல் இருக்க, ஆயில் கேனின் அடியை வெட்டி அதன் கழுத்தில் மாட்டினாய். கேனோடு செவலை தெருவில் நடந்ததைப் பார்த்து டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கெடு வைக்க அவருக்கு வாய் வரவில்லை. தோல் இளகியது. முடி மட்டும் வரவில்லை.

எனக்கு நாய் பிடிக்காது, இப்போதும்தான். அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. நெஞ்சு வலி என்று உன்னை விழுப்புரத்தில் சேர்த்த அன்று நீ போன் பண்ணினாய்.

"வெள்ளிக்கெழம ஊசி இருக்குது. மறந்துடாத."

"நானா தூக்கணும்?"

"பின்ன, டாக்டரா வந்து தூக்குவாங்க?"

வியாழக்கிழமை நீ செத்துப்போனாய். வெள்ளிக்கிழமை காலையில் உன்னை எடுத்தார்கள். குளித்து ஈரத்தலையோடு கடைக்கு வந்து செவலையைத் தூக்கினேன். சாக்கைத் தாண்டி அதன் சூடு என் நெஞ்சில் பட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன்.

ஊசி போட்டுவிட்டு டாக்டரம்மா கேட்டார், "அவர் வரலையா?"

"வெளியூர் போயிருக்காரு மேடம்."

"வந்ததும் சொல்லுங்க, இனிமே முடி வந்துடும்னு."

சரி என்றேன். அடுத்தடுத்த வாரங்களிலும் கேட்டார், அதையேதான் சொன்னேன். முதலில் வாலில் வந்தது, பிறகு முதுகில், பழைய சிவப்பிலேயே. கடைசி ஊசியன்று டாக்டரம்மா முதுகைத் தடவிப் பார்த்து, "அவர் பாத்தா சந்தோஷப்படுவார்" என்றார். பிறகு அவருக்கு மாறுதல் வந்து எந்த ஊருக்கோ போய்விட்டார்.

உன் பெயர் ரேஷன் கார்டிலிருந்து போய்விட்டது. உன் கடையில் இப்போது செல்போன் ரிப்பேர் பண்ணுகிறார்கள். ஆனால் எங்கோ ஓர் ஊரில் ஒரே ஒருவர், நீ வெளியூர் போயிருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லப் போவதில்லை.