புது வேர்ஷனில் ஒன்பது பொருத்தம்

கண்டி
திங்கட்கிழமை

அன்பு மகன் சதீசுக்கு அம்மா எழுதுறது. இங்க நான், அப்பா, தங்கச்சி மூணு பேரும் ஹந்தானைக் குளிர்ல இருமிக்கிட்டு நல்லாத்தான் இருக்கோம், நீயும் மெல்போர்ன்ல நேரத்துக்குச் சாப்பிட்டு ஒடம்பப் பாத்துக்கிட்டு சுகமா இருக்கணும்னு கதிர்காமத்தான வேண்டிக்கிறேன். இந்தக் காலத்துல என்ன கடுதாசினு நெனைப்ப. வாட்ஸ்அப்ல போட்டா உனக்கு முன்னால உங்கப்பா படிச்சிருவாரு, போன்ல சொல்லலாம்னா ஸ்பீக்கரப் போட்டுட்டு பக்கத்துலயே கதிரைய இழுத்துப் போட்டு உக்காந்துக்குவாரு. ஷிபானா டீச்சர் அவங்க மகளப் பாக்க புதன்கிழமை அங்க வர்றாங்க, மிளகாத்தூளோட இதையும் அவங்க கையில குடுத்து விடுறேன். ஞாயித்துக்கிழமை அப்பா உனக்குப் போன் எடுப்பாரு, அதுக்கு முன்னால நீ இதப் படிச்சே ஆகணும்.

நீ படிக்கிற காலத்துல கிளாசுல குடுக்கணும்னு அவசர அவசரமா ஜாதகப் பொருத்தம் பாக்குற புரோகிராம் ஒண்ணு எழுதினியே, அந்த பைத்தன்ங்கிற கம்பியூட்டர் பாஷையில. நீ மார்க் வாங்கிட்டு மறந்துட்ட. உங்கப்பா மறக்கல. தபால் கந்தோர்ல பென்ஷன் வாங்கின நாள்ல இருந்து அவருக்கு அதான் உத்தியோகம். இங்க இருந்து ஹுன்னஸ்கிரிய வரைக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்துல பொண்ணு பாத்தாலும் பொறந்த நேரத்த எழுதிக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கிறாங்க, இவரு பிரிண்ட் எடுத்து நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிக் குடுக்குறாரு. கோயில் ஐயர் சொன்னா மறுபேச்சு பேசுறவங்க கூட கம்பியூட்டர் சொல்லிருச்சுன்னா வாய மூடிக்கிட்டுப் போறாங்க. உன் தங்கச்சி நிஷாந்தினியக் கேட்டு வந்த மோகனராஜ் வீட்டையும் அதுல பாத்துத்தான் திருப்பி அனுப்பினாரு, பத்துக்கு மூணுதான், அதுலயும் தாலி பாக்கியம் சொல்ற ரஜ்ஜு இல்லனு. ஹுன்னஸ்கிரியப் பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிற அவன் தங்கமான ஆளு, இவளும் கட்டுனா அவனத்தான்னு இருக்கா. ஆறு மாசமா அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு இல்ல, சோத்துல உப்பு கம்மின்னாலும் நான்தான் நடுவுல தூது போறேன்.

போன மாசம் அந்தப் பழைய கம்பியூட்டர் ஒரேயடியா படுத்துருச்சு, பென் டிரைவ்ல இருந்த உன் புரோகிராம் மட்டும் தப்பிச்சுது. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, அதுக்கு பைத்தனும் புது வேர்ஷன்தான் போடணுமாம், பழச இப்ப யாரும் பாவிக்கிறதில்லையாம். வியாழக்கிழமை நல்ல நேரம் பாத்து, திரைக்குச் சந்தனம் வச்சு, எலுமிச்சம்பழம் வெட்டி டவுன்லோட் பண்ண உக்காந்தாரு. ஒன்னரை மணிக்கு டேட்டா முடிஞ்சு நின்னுருச்சு. ராகுகாலம் தொடங்கிருச்சு, அதான் நின்னுதுன்னாரு. கார்ட் போட்டதும் அதே ராகுகாலத்துலயே மிச்சமும் எறங்குச்சு. எறங்கியும் புரோகிராம் ஓடல, செகப்பு எழுத்துல என்னென்னவோ வந்துச்சு. யூடியூப் பாத்துட்டு வந்து சொல்றாரு, பிரிண்ட்ங்கிற வார்த்தைக்குப் பின்னால பழசுல ஒண்ணும் தேவையில்லையாம், புதுசுல அடைப்புக்குறி போட்டாத்தான் மதிக்குமாம். அப்பிடி இருநூத்திப் பன்னண்டு எடம். நான் வரிவரியா பாத்து பிரிண்ட் எங்க இருக்குனு சொல்ல, அவரு ஒத்த வெரல்ல குத்த, மூணு நாள். கல்யாணமாகி முப்பத்திமூணு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் ஒரே வேலைய ஒத்துமையா செஞ்சது இதான் முதல் தடவ.

ஒரு வழியா ஓடிருச்சு. சரியா ஓடுதானு பாக்க விடை தெரிஞ்ச ஜாதகமா போடுவோம்னு நிஷாந்தினியையும் மோகனராஜையும் போட்டாரு. மூணு வந்த எடத்துல ஒன்பது வந்துச்சு. கம்பியூட்டர் பொய் சொல்லாதுனு பத்து வருஷமா ஊருக்குச் சொன்னவரு, இப்ப எது பொய்னு யார்கிட்ட கேப்பாரு. நிஷாந்தினிகிட்டக் காட்டினேன். பேங்குல வேல செய்றவ இல்லையா, பாத்த உடனே சிரிச்சா. பழைய வேர்ஷன் ஏழ ரெண்டால பிரிச்சா மூணுனு மிச்சத்த விட்டுருமாம், புதுசு மூணரைனு சொல்லுதாம், அதனால நட்சத்திரமெல்லாம் அரையும் காலுமா வந்து, கூடாதுனு நீ எழுதின எந்தப் பட்டியல்லயும் மாட்டாம தப்பிச்சுப் போகுதாம். எனக்கு நம்பிக்கை வரல. அப்பா குளிக்கப் போன நேரம் அவரோட பொறந்த நேரத்தையும், தைப்பொங்கல் அன்னிக்கு விடியக்காலைல பின்வீட்டு பேச்சியம்மா ஆடு போட்ட குட்டியோட நேரத்தையும் போட்டுப் பாத்தேன். ஒன்பது பொருத்தம்.

இப்ப பழைய மூணு, புது ஒன்பது, ரெண்டு பேப்பரையும் சாமிப்படத்துக்கு முன்னால வச்சிருக்காரு. எழுதினவன் மகன், அவன் எது சரிங்கிறானோ அதான் முடிவு, ஞாயித்துக்கிழமை கேக்கப் போறேன்னு சொல்லிட்டாரு. மோகனராஜ் வீட்டுல மாத்தளைப் பக்கம் ஒரு பொண்ணு பேசுறாங்க, இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். புதுசுதான் சரினு நீ ஒரு வார்த்த சொன்னா போதும், கல்யாணம் முடிஞ்சிரும். எனக்கும் அந்த ஆசை வந்துச்சு, மறைக்கல. ஆனா ஆட்டுக்குட்டிக்குக் கெடைச்ச மார்க்க வச்சு நான் தாலி கட்டிக்க மாட்டேன்னு உன் தங்கச்சி ஒத்தக் கால்ல நிக்கிறா.

இன்னொண்ணும் இருக்கு மகன். வரிவரியா பாத்தேன்னு சொன்னேனே, ரஜ்ஜு வர்ற எடத்துல நீ இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ல ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்த. சுவாதி வரைக்கும் போட்டாச்சு, மிச்சம் பன்னண்டு நட்சத்திரத்துக்கும் இப்போதைக்கு இல்லைனு போடு, பிறகு பாத்துக்கலாம்னு. அப்பா பிரிண்ட்ட மட்டுந்தான் தேடினாரு, அதக் காணல. நான் கண்டுட்டு அந்த வரியச் சொல்லாம தாண்டிட்டேன். உன் தங்கச்சி உத்திராடம், அந்தப் பன்னண்டுல ஒண்ணு. நாலு வருஷத்துல அவளுக்கு வந்த அஞ்சு சம்மந்தமும் ரஜ்ஜு இல்லனுதான் போச்சு. ராசியில்லாதவனு ஊர்ல பேசுறதக் காதுல வாங்கிக்கிட்டு தெனமும் பஸ் ஏறி வேலைக்குப் போய் வர்றா. அந்தப் பத்து வரிய எழுத உனக்கு அன்னிக்கு நேரம் இல்ல. எனக்கு ஆத்திரமும் வருது, பெத்த பாசமும் வருது, என்ன செய்ய.

உன்னப் பொய் சொல்லச் சொல்லல. ரெண்டு பேப்பரும் பிழை, பழசுல இருந்த பிழை என்னோடதுனு உன் வாயால அப்பாகிட்டச் சொல்லு. நான் சொன்னா மகன்மேல பழி போடுறேன்னு சாப்பிடாமக் கெடப்பாரு. நீ சொன்னா நொறுங்கிப் போவாரு, தெரியும், நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அவர்கிட்டப் பேசி முடிச்சிட்டு அப்பறம் தங்கச்சிகிட்டயும் பேசு.

நீ நோய் நொடி இல்லாம, நல்ல பேரோட நீண்ட ஆயுசா இருக்கணும்னு எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம். மிளகாத்தூள ஈரக்கை வைக்காம எடு. ஒரே ஒரு ஞாபகம். சொல்ல மனசு வராம ரெண்டு மூணு வாரம் தள்ளிப் போடலாம்னு நெனைச்சிராத, அப்பா புது வேர்ஷன்ல உனக்கும் பொண்ணு பாக்கத் தொடங்கிட்டாரு, இதுவரைக்கும் பதினாலு ஜாதகம், பதினாலும் ஒன்பது பொருத்தம்.

இப்படிக்கு
உன் அம்மா
சு. பாலம்மா