தழும்பு விழாத வைத்தியம்

மதினி,

ரேஷன் கார்டைத் தேடி பீரோவைக் குடைந்தபோது ஒரு தாள் கையில் வந்தது. உன் மகள் செல்வி சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தாள். மேல்பாதியில் ஒரு சுருள் கோடு, கோழி கிளறிய குப்பை மாதிரி. கீழ்ப்பாதியில் அதே கை வரைந்த இன்னொரு சுருள், வட்டம் வட்டமாக, சுத்தமாக. இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம்கூட இல்லை என்றாள்.

உன் கை நடுக்கம் அவளுக்கும் வந்திருந்தது. பரம்பரையாக வருமாம். தலையை மழித்து, அசையாமல் ஒரு சட்டத்தில் பொருத்தி, குளிர்ந்த தண்ணீர் ஓடும் தொப்பியை மாட்டி, ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்தார்களாம். காதுக்குக் கேட்காத ஒலியைச் சுற்றிலும் ஆயிரம் இடத்திலிருந்து அனுப்புகிறார்கள். அது மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் மூளைக்குள் ஒரே புள்ளியில் கூடி, கையை ஆட்டிவைக்கிற அந்தத் துளி இடத்தை மட்டும் சூடேற்றி அணைத்துவிடுகிறது. நடுநடுவே வெளியே இழுத்து, "கையத் தூக்குங்கம்மா, இதை வரைங்க" என்பார்களாம். கத்தி இல்லை, தையல் இல்லை. சட்டத்தின் ஊசி பதிந்த நாலு பொட்டுதான், முடி வளர்ந்தால் அதுவும் தெரியாது.

நீ கேட்ட வைத்தியம் இதுதான், மதினி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அண்ணனின் மனைவியாக வந்தாய். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். சும்மா மடியில் கிடக்கும்போது உன் கைக்கு ஒன்றுமில்லை; எதையாவது தூக்கினால்தான் ஆடும். காப்பியை முக்கால் தம்ளருக்கு மேல் ஊற்ற மாட்டாய். ஊரே மல்லிகை கட்ட உட்காரும்போது நீ மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாய். "கை நடுங்குனா மனசுல கள்ளம் இருக்கும்" என்று என் அம்மா உன் காதுபடவே சொல்லும். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

செல்வி பிறந்த மறுவருடம் அம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தோம். நான் உன் பின்னால் வந்தேன். தேரடி திரும்பும்போது உன் தலைக்கு மேல் குடம் தடதடவென்று ஆடியது. பால் உன் நெற்றியில், முகத்தில், புடவையில் வழிந்தது. பால்குடம் சிந்தினால் ஊருக்கு ஆகாது என்பார்கள். மேளம் நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு இவளை வீட்டைவிட்டே அனுப்பிவிடும் என்று தோன்றியது. என் வாய் எப்போதும் முன்னே போகும், புத்தி பின்னால் மெல்ல வரும். "மதினிக்குச் சாமி வந்திருக்கு" என்று கத்திவிட்டேன்.

ஒரு கிழவி குலவை போட்டாள். மேளம் உன்னைப் பார்த்துத் திரும்பியது. பூசாரி திருநீற்றை அள்ளி உன் நெற்றியில் அப்பினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் அம்மன் இரங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆளாக உன் காலில் விழுந்தது என் அம்மா. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. செவ்வாய், வெள்ளியானால் வாசலில் ஆட்கள் நின்றார்கள். நீ விளக்குக்கு முன்னால் உட்கார வேண்டும். கேள்வியைச் சொல்லி, உன் கையில் தாம்பாளத்தைக் கொடுப்பார்கள். தாம்பாளம் ஆடினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று கணக்கு. ஆடாமல் இருக்குமா? எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள். நீ தாய்வீட்டுக்குப் போவது நின்றது, வெள்ளிக்கிழமை தப்பிவிடுமாம். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கதை பேசுவது நின்றது. அண்ணன்கூட உன்னை "வாங்க, போங்க" என்று கூப்பிட ஆரம்பித்தான். "உங்க அண்ணன் என்னயத் தொடவே பயப்படுறாரு புள்ள" என்று ஒருநாள் கிணற்றடியில் மெதுவாகச் சொன்னாய். நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி திண்டுக்கல் நாகல் நகருக்கு வந்து பல வருடம் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. வத்தல் போட மதினி வேண்டும் என்று பொய் சொல்லி உன்னை வரவழைத்தேன். பொய் எனக்குப் புதிதா என்ன? ஞாயிறுதோறும் மதுரையிலிருந்து வரும் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இது ஒரு நோய், வேறொன்றுமில்லை என்றார். மாத்திரை எழுதினார். அது போதாவிட்டால் மண்டையில் துளை போட்டுச் செய்யலாம் என்றார்.

"துளை போட்டா தழும்பு தெரியுமே டாக்டர். ஒரே தடவையில, வெளிய தெரியாம, உள்ளுக்குள்ளயே எதுவும் பண்ண முடியாதா?" என்று கேட்டாய்.

அவர் சிரிக்கவில்லை. "ஒலிய வச்சு வெளிநாட்டுல முயற்சி பண்றாங்கம்மா. மண்டை ஓட்டைத் தாண்டுறதுதான் சிரமமா இருக்கு. வரும், ஆனா நாளாகும்."

"வரட்டும். இருக்கேன்" என்றாய்.

திரும்பி வரும்போது ஆட்டோவில்தான், முதல் தடவையாக, அந்தப் பேச்சை எடுத்தாய். உன் குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு நீ கத்தாம இருந்திருந்தா, ரெண்டு ஏச்சு வாங்கிட்டுப் போயிருப்பேன் புள்ள. அம்புட்டுத்தான்." அதற்குள் வீடு வந்துவிட்டது. கேட்டைத் திறந்து நீயே முன்னால் போனாய்.

கடுகு டப்பாவில் ஒளித்துவைத்து இருபது நாள் மாத்திரை சாப்பிட்டாய். தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் காப்பி குடித்ததைப் போனில் சொன்னாய். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மேலத்தெருவில் ஒருத்தி தன் மகளுக்கு வந்த நல்ல சம்பந்தத்தைப் பற்றிக் கேட்க வந்தாள். தாம்பாளம் அசையவில்லை. அம்மன் வேண்டாம் என்கிறாள் என்று சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் கிணற்றடியில் அழுததை நீ பார்த்தாய்.

அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டாய். நான் போனில் சண்டை போட்டேன். "ஒரேயடியா நின்னு போச்சுன்னா, ஆத்தா எறங்கிப் போயிட்டான்னு சொல்லித் தாம்பாளத்தைத் தூக்கி வச்சிரலாம். இது மறந்தா ஆடுது, முழுங்குனா நிக்குது. எத்தன புள்ளைக வாழ்க்கையில நான் மண்ணள்ளிப் போட?" என்றாய். நாலு வருடம் கழித்து மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாய். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைகூட தாம்பாளம் பிடித்தாய்.

செல்வி மொட்டைத் தலையோடும் ஆடாத கையோடும் ஊருக்குப் போனாள். பழனிக்கு முடி இறக்கியதால் கை நின்றது என்று இரண்டே நாளில் பேச்சு. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அதோடு விட்டார்களா? ஒரு தடவைக்கு ஒரு கைக்குத்தான் அந்த வைத்தியமாம்; இடது கைக்குச் செய்யவில்லை, அது இன்னும் ஆடுகிறது. அம்மாவின் சாமி மகளின் இடக்கையில் தங்கியிருக்கிறது என்று ஒருத்தி தாம்பாளத்தோடு வந்து நின்றாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், "அன்னிக்குச் சாமியும் வரல, ஒண்ணும் வரல. எங்கம்மா ஏசும்னு நாந்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

தாம்பாளத்தோடு வந்தவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "உன்னய அப்படிக் கத்த வச்சது யாருங்கற? அதுவும் அவதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

நான் சொன்னதை நம்பியவள் செல்வி ஒருத்திதான். "அத்தை, அம்மாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். உள்ளே போய்விட்டாள். மாசம் எட்டு ஆகிறது, நான் போன் போட்டால் எடுப்பதில்லை. அவள் செய்வது நியாயம்தான்.

ஆனால் நீ, எல்லாம் தெரிந்தும், கடைசிவரை என்னோடு பேசினாயே, மதினி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.