ஆறிய இன்ஜின்

அண்ணனுக்கு,

போனில் என்றால் சிரித்தே சமாளித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

காரை விற்கப்போகிறேன் என்று நேற்று சொன்னதும், துபாயில் இருந்துகொண்டு நீ சொன்ன யோசனை இன்னும் காதில் நிற்கிறது. “ஆளு வாறதுக்கு முன்ன கருங்கல் ஊரு வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வந்திரு மக்கா. இன்ஜின் சூடா இருந்தா புகை தெரியாது.”

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாய். உன்னிடமிருந்து நான் இந்த வண்டியை விலைக்கு எடுத்த அன்று பானட்டில் கை வைத்தேன். சுட்டது. அண்ணியைச் சர்ச் ஆராதனைக்குக் கொண்டு விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாய். அன்று செவ்வாய்க்கிழமை, ஞாயிறு அல்ல. “நம்ம வண்டில்லா, கண்ண மூடிட்டு எடு” என்றாய். நானும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே நீலப் புகை. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினாய். இன்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்பதை நானேதான் கண்டுபிடித்தேன். இரண்டு வருடமாக வாரந்தோறும் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுகிறேன், குறைந்த ஆயிலை ஊற்றுகிறேன். மார்த்தாண்டம் பாலத்தில் வண்டி நின்று, பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டியபோதும் என் கைவேலையைத்தான் சந்தேகப்பட்டேன். உன்னை அல்ல.

நாளை காலையில் அருமனையிலிருந்து ஒருவர் வருகிறார். இன்று முழுக்க வண்டியை நான் எடுக்கவில்லை. ஆறிக் கிடக்கட்டும். அவரே சாவியைப் போட்டு, அவரே புகையைப் பார்க்கட்டும்.

தன் தங்கைக்காக வாங்குகிறாராம்.

உன் தங்கை