டெல்லி பாஸ் செய்த மிஷின்

2025 ஜூலை 7, திங்கள்

வெட்கக்கேடுதான், எழுதியே ஆக வேண்டும். இன்று திருப்பதி ஆஸ்பத்திரியில் பாத்ரூம் போகிறேன் என்று நர்ஸ் ரூபாவிடம் சொல்லிவிட்டு, நேராக பஸ் ஏறி எங்கள் ஊர் நகரிக்கு வந்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயசு எனக்கு.

தம்பி குணாவுக்கு ரத்தப் புற்று. என் எலும்பு மஜ்ஜை அவனுக்கு அச்சாகப் பொருந்துகிறதாம். கொடுக்கத்தான் போனேன். டாக்டர் நாகபூஷணம் படம் காட்டினார். புது மிஷின். இடுப்பெலும்பில் ஒரே ஓட்டை. அதன் வழியே வளைகிற குழாய் ஊர்ந்து போய் மஜ்ஜையை உறிஞ்சுமாம். பழைய ஊசி என்றால் பல இடத்தில் குத்துவார்கள். "டெல்லியில போன வருஷமே பர்மிஷன் குடுத்துட்டாங்கம்மா" என்று சிரித்தார்.

எதற்குச் சிரிப்பு?

ஜூலை 8

குணா போன் செய்தான். "இன்னாக்கா, பாத்ரூம் நகரியிலயா கீது?"

"ஆமாண்டா, இங்கதான் சுத்தமா கீது."

இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்கு மூச்சு வாங்கியது. போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 10

மறுபடி போனேன். பர்மிஷன் எப்படிக் கொடுத்தார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். ஏற்கெனவே பாஸ் ஆன பழைய மிஷினைப் போலத்தான் இதுவும் என்று கம்பெனிக்காரர்கள் சோதித்துக் காட்டினார்களாம்.

"அதே மாதிரின்னா எதுக்கு சார் புதுசு? புதுசுன்னா எப்டி அதே மாதிரி?"

"நானும் இதத்தான் கேட்டேம்மா. ஓட்டை போடுற வேலை அதேதான். உள்ள போற குழாய்தான் வேற."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதுதான் இடிக்கிறது.

எங்கள் ஊரில் புதுத் தறி வந்தால் முதல் சேலையை விற்கமாட்டார்கள். பழுது இருக்கும். முதலாளி வீட்டுப் பெண்ணே கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் கேட்டேன்: "உங்க வூட்ல யாருக்காச்சும் இத்த போட்டீங்களா?"

"எங்க வீட்ல தேவை வரலம்மா."

அப்போ முதல் சேலை நானா?

வெளியே ரூபா பிடித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை குணாவுக்கு மருந்து ஆரம்பிக்கிறோம்க்கா. அவரோட மஜ்ஜைய அது மொத்தமா அழிச்சிடும். அப்புறம் நீங்க பாத்ரூம் போனா அவரு பொழைக்கமாட்டாரு. புதுசோ பழசோ, இல்ல வேணாமோ, இப்பவே சொல்லிடுங்க."

இந்த மிஷினில் கொடுத்த ஒரு ஆளைக் காட்டு, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 12

வடமாலபேட்டைக்குப் போனேன். ரங்கன் என்பவர் போன வருஷம் மகள் மஞ்சுவுக்குக் கொடுத்தாராம். ரூபா கேட்டதும் வரச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி காட்டுகிற ஆள், ஆஸ்பத்திரி பாட்டைத்தானே பாடுவார்?

"குந்தி எழுந்து காட்டுண்ணே" என்றேன். காட்டினார். பிறகு ஆரம்பித்தார். "ரெண்டு நாள்ல சரியாப் பூடும்னான் அந்த டாக்டரு. பத்து நாளு பொரண்டு படுக்க முடியலம்மா! கையில கெடைக்கட்டும் அவன்." காப்பி ஆறும்வரை திட்டினார். தெருவில் மஞ்சு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

திட்டு ஏற ஏற எனக்குப் பயம் இறங்கியது. சொல்லிக்கொடுத்து வைத்த ஆள் இப்படித் திட்டமாட்டான்.

ஜூலை 13

ரூபாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். புதுசே.

ஜூலை 22

எடுத்தாச்சு. ஒரே ஓட்டை என்றார்கள், இரண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. விடுவேனா? கேட்டேன். இடுப்புக்கு இரண்டு பக்கமாம், பக்கத்துக்கு ஒரே ஓட்டையாம்.

ஜூலை 29

இன்னும் வலிக்கிறது. ரங்கன் அண்ணன் யோக்கியர்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

என் மஜ்ஜை குணாவுக்குள் பிடித்துக்கொண்டது. இன்று டிஸ்சார்ஜ். விடியலில் திருமலையில் முடி கொடுத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் மாஸ்க் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். புது ஊழியர் ஒருவர் என் மொட்டையையும் மாஸ்கையும் பார்த்து, பேஷன்ட் கீழே வரக்கூடாது என்று தெலுங்கில் அதட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மூன்றாம் மாடி புற்றுநோய் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் பேஷன்ட் இல்லை என்றேன். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் என்றார். கட்டிலில் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். குடித்தேன். உப்பு போதவில்லை. குணா பையோடு கீழே நின்றுகொண்டிருந்தான்.