வண்டியை நிறுத்தும் வழி

கடல் தாண்டி இருக்கும் என் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இதை எழுதுகிற நிமிஷம் வரை நானும் உன் அக்காவும் அவள் பெற்ற வாலும் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். பேரனுக்கு ஆடின பல் விழுந்ததா, மருமகளுக்கு முதுகுவலி விட்டதா. இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்பாய். உன்னிடம் போனில் ஒன்றைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அது அக்கா காதில் இருக்கும். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை நான் உடைத்ததை, அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிக் கொடுத்தவன் நீ, அப்போது உனக்கு ஏழு வயது. அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வர எப்படியும் பத்து நாள் ஆகும், அதற்குள் ஆக வேண்டியது ஆகியிருக்கும்.

உன் அக்கா ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறாள். இது மூன்றாவது தடவை. பதினைந்து வண்டி, பன்னிரண்டு நாள், மலைப்பாதை வேறு. போகிற ஊரிலெல்லாம் மார்க்கெட் வாசலிலும் துணி ஃபேக்டரி வாசலிலும் நின்று ஹெல்மெட்டைக் கழற்றி, எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது, சீக்கிரம் பார்த்ததால் பிழைத்தேன், நீங்களும் போய்ப் பாருங்கள் என்று சொல்வாள். உண்டியலில் விழுகிற பணம் வைத்தியத்துக்கு வழியில்லாதவர்களுக்குப் போகும். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷனில் அக்குளிலும் கை வைத்தார்கள் இல்லையா, அதிலிருந்து அந்த இடது கை அதிகம் வேலை வாங்கினால் வீங்கிக்கொள்கிறது. கிளட்ச் பிடிக்கிற கையும் அதுதான். உனக்கு இது தெரிந்திருக்காது. ஆபரேஷன் நடந்தது பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு. லீவு இல்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றாய். நாலு வருஷம் ஆகிறது, உன் அடுத்த வாரம் இன்னும் வந்து சேரவில்லை.

உன் அத்தை போன வாரம் வந்திருந்தாள். தெருவில் எல்லோரிடமும் எங்க அண்ணன் மக, புலிக்குட்டி என்று ஒரே பெருமை. அக்காவுக்கு முடி கொட்டியிருந்தபோது, மொட்டைத் தலையோட கல்யாண வீட்டுக்கு வந்து நிக்காதடி, பாக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று சொன்ன அதே வாய். அன்றைக்கு அவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். காபி கொடுத்தேன், உட்காரச் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா வண்டி ஓட்டும்போது போடுகிற ஜாக்கெட்டை வெயிலில் காயப் போட எடுத்தேன். இடது கை மட்டும் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்திருந்தது. அது என் தையல் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரியில் சட்டைக்குக் கை வைத்தவள் நான், என் தையலும் தெரியும் அடுத்தவள் தையலும் தெரியும். வீட்டில் தையல்காரியை வைத்துக்கொண்டு வெளியில் கொடுத்திருக்கிறாள் என்றால் எதை மறைக்க? கை மறுபடி பெருத்திருக்கிறது. கேட்டேன். சும்மா இரும்மா, உள்ள ஸ்வெட்டர் போடணும்னு விட்டேன் என்றாள். ஸ்வெட்டரை ஒற்றைக் கையிலா போடுவார்கள்?

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ திட்டினாலும் சரி, செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குத் தெரியாமல் மெக்கானிக் கடைக்குப் போனேன். வண்டி கிளம்பாத மாதிரி ஏதாவது பண்ணிடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. வண்டி கிளம்பலன்னா அக்கா நேரா எங்கிட்டதாம்மா வருவாங்க, நான் எந்த மூஞ்சியோட ரிப்பேர் பண்றது என்றான். என்னை வண்டி பக்கத்தில் நிறுத்தி, நீங்களே பிடிச்சுப் பாருங்க என்றான். இரண்டு விரலுக்கு அப்படியே இறங்கிக் கொடுக்கிறது கிளட்ச். அக்கா கைக்காகவே மூணு தடவை மாத்தியிருக்கேம்மா என்றான். அப்புறம் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, போன தடவை அக்கா பேசினதைக் கேட்டுட்டுத்தான் என் சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, ஆனா அந்த நாலு நாள் எனக்கு ஸ்பேனர் கையில நிக்கல என்றான். நான் நேராக வீட்டுக்கு வந்தேன்.

வந்தவுடன் அவளிடம் பேரம் பேசினேன். நாலு வருஷமாக என்னையும் ஆஸ்பத்திரிக்குப் போய் மார்பைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கிறாள். ஊருக்கெல்லாம் சொல்றேன், பெத்தவளை அனுப்ப முடியல என்று மூக்கால் அழுவாள். அறுபத்தெட்டு வயசுக்கு மேல எனக்கென்னடி என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். இப்போது, நீ கையைக் காட்டு, நான் வந்து படம் எடுத்துக்கிறேன் என்றேன். என்னைப் பார்த்தாள், ஜாக்கெட்டைப் பார்த்தாள். நீ பொல்லாத கிழவிம்மா என்றாள். வியாழக்கிழமை போனோம்.

அவள் கையை நாடாவால் அளந்தார்கள். வீக்கம் லேசுதான், வேறு ஒன்றும் இல்லை, கைக்கு இப்போது போடுவதைவிட அழுத்தமான உறை போட வேண்டும், மணிக்கொரு தரம் இறங்கிக் கையைத் தூக்கி வைத்து உட்கார வேண்டும், அப்படிச் செய்தால் போகலாம் என்றார் டாக்டர். எனக்கு உயிர் வந்தது. அது எல்லாம் பக்கத்துக் கட்டிடத்தில். அதற்கு முன்பே, படம் எடுக்கிற கட்டிடத்தில், என்னைப் படம் எடுத்த நர்ஸ் இரண்டாம் தடவை உள்ளே கூப்பிட்டிருந்தாள். பாட்டி, வலது பக்கம் இன்னொரு படம் எடுத்துப் பாக்கணும், செவ்வாய்க்கிழமை வாங்க, கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க என்றாள். நான் வெளியே வந்ததும், வாசலில் காத்திருந்த அக்கா, என்னம்மா, எடுத்தாச்சா என்றாள். எடுத்தாச்சு என்றேன். எடுத்தது நிஜம்தானே.

செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி நர்ஸ் கொடுத்த சீட்டு தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுக்கு அடியில் இருக்கிறது. வண்டியை நிறுத்த வழி தேடி எங்கெல்லாம் போனேன், இப்போது அது என் டிராயரிலேயே கிடக்கிறது. எடுத்து நீட்டினால் போதும், அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். நான் நீட்டவில்லை. மறுபடி கூப்பிட்டால் பயப்படாதீங்க, முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா போகாம மட்டும் இருக்காதீங்க என்று அவள் கண்ணாடி முன்னால் பேசிப் பழகுவதைத் தினம் கேட்கிறேன். நான் போகிறேன். ஜாக்கெட்டில் இருந்த அந்த வெளியாள் தையலையும் பிரித்து, புது உறைக்கு இடம் விட்டு நானே தைத்துவிட்டேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை இரண்டு தரம் மடக்கி நீட்டினாள்.

நர்ஸ் சொன்ன அந்த யாராவது நீயாக இருந்திருக்கலாம். சரி, விடு. நான் விடமாட்டேன், நீ விடு. வாலுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நான் தனியாகத்தான் போகிறேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். பேரனைக் குடை இல்லாமல் மழையில் அனுப்பாதே. இதைப் படித்ததும் முதலில் எனக்குப் போன் செய், அவளுக்கு இல்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நம்பாதே, இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அம்மா