உனக்கு மட்டும் விட்ட கதவு

அன்புத் தம்பிக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் கேட்டால் நீ மழுப்பிவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? அதனால் ஆபீசில் உட்கார்ந்து எழுதிக் கூரியரில் போடுகிறேன்.

போன வாரம் உன் அத்தான், சின்னக்காவின் புருஷன், என் போனுக்குக் கூப்பிட்டார். குழந்தைக்கு மஞ்சள் கவுன் எடுப்பாக இருக்கிறதாம், ஹாலில் திரைச்சீலை மாற்றியிருக்கிறோமாம். சாவகாசமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீட்டுக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷன் கண்ணில் படக்கூடாது என்றுதானே உன் சின்னக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு மாறினேன்?

நான் வேலைக்குப் போனால் அவர்கள் தனியாக இருப்பார்களே என்று நீதான் கேமரா மாட்டினாய். மாதாமாதம் சந்தா கட்ட வேண்டாம் என்று கேமராப் படத்தை எங்கிருந்தும் பார்க்கிற மாதிரி பழைய கம்ப்யூட்டரை சர்வராக்கி, மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பினாய். பாஸ்வேர்டு அம்மாவின் செல்லப்பெயர். அது அத்தானுக்கும் தெரியும் என்று நம் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை, பார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரிடம் ஓடினேன். வெளியாள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் பெட்டி புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. அவர் கடையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் இலவச ஃபயர்வால் போட்டு, ரவுட்டருக்கும் சர்வருக்கும் நடுவில் வைத்தார். பாஸ்வேர்டையும் என்னையே மாற்றச் சொன்னார். வெளியிலிருந்து ஈ எறும்பு நுழையாது, யாருக்காவது வழி விடணுமா என்று கேட்டார். என் தம்பிக்கு மட்டும் என்றேன். புது பாஸ்வேர்டை உனக்குத்தான் அனுப்பினேன், வேறு யாருக்கும் தெரியாது. அப்பாடா என்று தூங்கினேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டார். குழந்தைக்கு ஏன் முடியை வெட்டினீர்கள் என்று கேட்டார்.

கடைக்காரர் வந்து பார்த்தார். ஃபயர்வாலில் ஓட்டை இல்லையாம். உள்ளே வந்தது உன் பெயரில், உன் பாஸ்வேர்டில். ஆனால் நீ இருக்கும் நாட்டிலிருந்து இல்லை, இந்த ஊரிலிருந்தே வந்திருக்கிறது. 

பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியவில்லையே என்று உன்னிடம் அழுதிருப்பார். அத்தான் அத்தான் என்று அவர் பின்னாலேயே திரிந்தவன்தானே நீ, மனசு இளகிப் பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பாய். அவர் அழுது நானும் பார்த்திருக்கிறேன் தம்பி. சின்னக்காவின் கையை முறித்த மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படித்தான் தேம்பித் தேம்பி அழுதார்.

கேமராவைக் கழற்றிவிட்டேன், உன் வழியையும் அடைத்துவிட்டேன். ஆனால் வாசல் கேமராவில் எதிர் சலூன் போர்டு பளிச்சென்று தெரியும், அதில் தெருப்பெயர் இருக்கிறது. அவர் அதையும் படித்திருப்பார். சின்னக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீதான் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். ஒரு பை மட்டும் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கே போகிறோம் என்று கேட்கிறாள், எனக்கே தெரியவில்லை.

இது கிடைத்ததும் என் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடு. திட்ட மாட்டேன், சத்தியமாக. அவரிடம் வேறென்ன சொன்னாய் என்று மட்டும் மறைக்காமல் சொல்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அடுத்த வீடு எங்கே என்று மட்டும் கேட்காதே, கண்ணா.

உன்
பெரியக்கா